ஜெர்மனியில் கார் இன்சூரன்ஸ்: அரைகுறை மொழியை வெச்சு எப்படி எடுக்கறது?

பெரம்பூர் சதீஷ்

எல்லாருக்கும் வணக்கம். ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை. போனதும் பழைய கார் ஒண்ணு வாங்கணும். ஜெர்மன் ஏ1 முடிச்சிருக்கேன், அவ்வளவுதான். இன்சூரன்ஸ் ஃபார்ம் முழுக்க ஜெர்மன்ல இருக்கு. இங்க மாதிரி வண்டி விக்கறவங்களே பாலிசி போட்டுக் கொடுப்பாங்களா, நாமளே தேடணுமா? ஊர்லருந்து என்னென்ன பேப்பர் எடுத்துட்டுப் போகணும்? இங்க வேகன் ஆர் இருக்கு, 5 வருஷமா க்ளெய்ம் இல்ல. அதுக்கு அங்க ஏதாவது பலன் உண்டா?

ராயபுரம் பாஸ்கர்

முதல்ல ஊர்ல முடிக்க வேண்டியதைச் சொல்லிடறேன் தம்பி. கிளம்பின பிறகு வீட்டுப் பெரியவங்கள தண்டையார்பேட்டை ஆர்.டி.ஓ. வாசல்ல நிக்க வைக்கக் கூடாது.

ரொம்ப முக்கியம் லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட். பரிவாகன் சாரதி தளத்துலயே விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு முதன்முதலா லைசென்ஸ் கொடுத்த தேதி அதுல தெளிவா வரணும். கார்டை புதுப்பிச்சிருந்தா சில பேர் புதுப்பிச்ச தேதியையே ஃபார்ம்ல எழுதிடறாங்க, அங்கதான் அனுபவம் பத்து வருஷத்துலருந்து ரெண்டு வருஷமா சுருங்குது. அதோட, ஜெர்மன் லைசென்ஸ் கைக்கு வரும்போது இந்திய கார்டை அங்க ஒப்படைக்கச் சொல்வாங்க. அப்புறம் உங்க அனுபவத்துக்கு இருக்கற ஒரே ஆதாரம் இந்த எக்ஸ்ட்ராக்ட்தான். கார்டையும் ரெண்டு பக்கமும் கலர்ல ஸ்கேன் பண்ணி வைங்க.

அடுத்தது நோ க்ளெய்ம் போனஸ் கடிதம். போனஸ் வண்டிக்கு இல்ல, ஆளுக்கு. காரை வித்து பேர் மாத்தினதும் அந்தக் காப்பியோட கம்பெனிக்கு எழுதினா கடிதம் தருவாங்க. 5 வருஷம் க்ளெய்ம் இல்லன்னா 50 சதவீதம். இந்தியாவுல 3 வருஷம் வரைக்கும் புது வண்டிக்கு அதை மாத்திக்கலாம், அதனால திரும்பி வந்தாலும் வீண் போகாது. ஜெர்மன் கம்பெனிகள்ல பெரும்பாலானவை இந்திய போனஸை ஒத்துக்காது. ஆனா கேக்காம விட்டா யாரும் தானா தரமாட்டாங்க. கடிதத்துல பாலிசி நம்பர், எந்தத் தேதியிலருந்து எந்தத் தேதி வரைக்கும், க்ளெய்ம் எத்தனைன்னு ஆங்கிலத்துல இருக்கணும்.

இன்டர்நேஷனல் பர்மிட்டுக்கு படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், செல்லுபடி 1 வருஷம். இந்த 1 வருஷம்ங்கறதை நம்பி ஜெர்மனியில ஓட்டாதீங்க. அங்க கணக்கு வேற, நித்யா சொல்வாங்க.

கொளத்தூர் நித்யா

சொல்றேன் அண்ணா. ஜெர்மனியில் குடியேறின நாளிலிருந்து 6 மாதம் வரைக்கும்தான் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். கூடவே பர்மிட்டோ ஜெர்மன் மொழிபெயர்ப்போ இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஸ்டியரிங் பிடித்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகக் குற்ற வழக்கு. இன்சூரன்ஸ் எதிராளிக்குப் பணம் கொடுத்துவிட்டு உங்களிடமிருந்து 5,000 யூரோ வரைக்கும் திருப்பி வசூலிக்கலாம். உங்கள் காருக்கு ஆன சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காமலே போகலாம். இந்தியா நேரடியாக மாற்றித் தரும் நாடுகள் பட்டியலில் இல்லை, தியரியும் ஓட்டுத் தேர்வும் எழுதியாக வேண்டும். தியரியை ஆங்கிலத்தில் எழுதலாம். ஆகவே போய் இறங்கிய மாதமே டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுங்கள்.

இப்போது இன்சூரன்ஸ். பாலிசி இல்லாமல் வண்டியைப் பதிவே செய்ய முடியாது. முதலில் கம்பெனியைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பித்தால் இ.வி.பி. என்று 7 எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒன்று மெயிலில் வரும். அதை எடுத்துக்கொண்டுதான் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். கூடவே வண்டியின் பதிவுச் சான்று பகுதி 1, பகுதி 2, தொழில்நுட்பச் சோதனை அறிக்கை, பாஸ்போர்ட், முகவரிப் பதிவுச் சான்று, வாகன வரிக்கு வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஒப்புதல் படிவம். வரி தனி, இன்சூரன்ஸ் தனி. வரியை வசூலிப்பது சுங்கத் துறை, அதன் கடிதத்தைப் பார்த்து மோசடி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இந்த இடத்தில் நிறைய பேர் சறுக்குகிறார்கள்: இ.வி.பி. வந்துவிட்டால் முழு காப்பீடும் வந்துவிட்டது என்று நினைப்பது. பாலிசி கைக்கு வரும் வரை அந்தக் குறியீடு உறுதி செய்வது எதிராளிக்கான காப்பீட்டை மட்டும்தான். உங்கள் சொந்தக் காருக்கும் அன்றிலிருந்தே பாதுகாப்பு வேண்டுமானால் 'காஸ்கோவும் (சொந்த வண்டிக்கான காப்பீடு) உடனடியாகத் தொடங்குகிறது' என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். மெயிலில் ஒரே ஒரு வரி போதும்.

ஃபார்மில் வண்டியை அடையாளம் காட்ட மாடல் பெயரைத் தேட வேண்டாம். பதிவுச் சான்று பகுதி 1-இல் 2.1 என்ற கட்டத்தில் 4 இலக்க எண் இருக்கும், 2.2 கட்டத்தில் முதல் 3 எழுத்து அல்லது எண்களை எடுங்கள். இந்த இரண்டையும் போட்டால் வண்டி தானாக வந்துவிடும். பி என்ற கட்டத்தில் இருப்பது முதல் பதிவுத் தேதி. மாடலைக் கையால் தேடினால் அதே பெயரில் வேறு இன்ஜின் விழுந்துவிடும், அது வேறு கட்டண வகுப்பு.

வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர், இரவில் எங்கே நிற்கும், யார் யார் ஓட்டுவார்கள், அதில் வயதில் சின்னவர் யார். கட்டணத்தை இந்தக் கேள்விகள்தான் நிர்ணயிக்கின்றன. தெருவில் நிறுத்திவிட்டு கராஜ் என்று போடாதீர்கள். மனைவி ஓட்டப் போகிறார் என்றால் இப்போதே பெயரைச் சேருங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்தானால் விட்டுப்போன பிரீமியமும் அதற்கு மேல் அபராதமும் கேட்பார்கள். கிலோமீட்டர் கூடிவிட்டால் ஒரு மெயில் போட்டால் போதும், கொஞ்சம் பணம் ஏறும், அவ்வளவுதான். மொழி தெரியாமல் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினேன் என்பதை எந்தக் கம்பெனியும் காரணமாக எடுத்துக்கொள்ளாது. ஜெர்மன் பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இந்த நாலைந்து பதிலும் உண்மையாக இருக்க வேண்டும்.

வியாசர்பாடி அன்பு

எந்த பாலிசின்னு நான் சொல்றேன். மூணு அடுக்கு. ஹாஃப்ட்ஃப்ளிக்ட் கட்டாயம், நம்ம தேர்ட் பார்ட்டி மாதிரி. சட்டப்படி குறைந்தபட்சம் ஆள் சேதத்துக்கு 75 லட்சம் யூரோ, பொருள் சேதத்துக்கு 13 லட்சம் யூரோ. பெரும்பாலான கம்பெனி 10 கோடி வரைக்கும் போடறாங்க, விலை வித்தியாசம் கம்மிதான், அதையே எடுங்க. அதுக்கு மேல டைல்காஸ்கோ: திருட்டு, தீ, கண்ணாடி, புயல், ஆலங்கட்டி, வெள்ளம், விலங்கு மோதறது. அதுக்கும் மேல ஃபோல்காஸ்கோ: உங்க தப்பால உங்க வண்டிக்கு ஆகற சேதம், யாரோ வேணும்னே கீறிட்டுப் போறது.

வெள்ளம்னதும் நம்ம ஆளுங்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். நிறுத்தி வெச்ச வண்டி மேல தண்ணி ஏறினா டைல்காஸ்கோ கொடுக்கும். ஆனா தண்ணி நிக்குதுன்னு தெரிஞ்சும் கணேசபுரம் சுரங்கப்பாதையில விடற மாதிரி உள்ள விட்டு, இன்ஜின் தண்ணி குடிச்சு நின்னா அது டைல்காஸ்கோவுல வராது. அங்கயும் சுரங்கப்பாதை நிரம்பும், கோடை மழையில அரை மணி நேரத்துல நிரம்பும். அதுக்கு ஃபோல்காஸ்கோ வேணும், அதுலயும் அஜாக்கிரதை விலக்கு பத்தின வரி இருக்கணும். பெரிய அஜாக்கிரதைன்னு சொல்லி க்ளெய்மை வெட்ட மாட்டோம்னு கம்பெனி எழுதித் தர்ற வரி அது. குடிச்சிட்டு ஓட்டறது, திருட வழி விடறது ரெண்டுக்கும் மட்டும் அது பொருந்தாது.

விலங்கு விஷயத்துலயும் மலிவு பாலிசி ஏமாத்தும். 'ஹார்வில்ட்'னு மட்டும் எழுதியிருந்தா மான், காட்டுப்பன்னி, நரி மாதிரி ரோமம் உள்ள காட்டு விலங்கு மட்டும்தான். மாடு, குதிரை, நாய் மோதினா கிடையாது. 'டீர அல்லர் ஆர்ட்'னு இருந்தா எல்லா விலங்கும் உண்டு. அடுத்தது மார்டர், கீரி சைஸுல ஒரு பிராணி. ராத்திரி இன்ஜின் சூட்டுக்கு பானட்டுக்குள்ள ஏறி ரப்பர் குழாய், ஒயர் எல்லாத்தையும் கடிச்சு வைக்கும். கடிச்ச ஒயருக்கு மட்டும் காசு தர்ற பாலிசி இருக்கு. கூலன்ட் குழாய் ஓட்டையாகி இன்ஜினே சூடேறிப் போனா அந்தப் பின்விளைவுக்கும் தர்ற பாலிசி இருக்கு. ரெண்டாவது வகைதான் வேணும், எத்தனை யூரோ வரைக்கும்னு பாருங்க.

பழைய காரோட மதிப்பு 4,000, 5,000 யூரோன்னா ஃபோல்காஸ்கோ பெரும்பாலும் கட்டுப்படியாகாது, டைல்காஸ்கோ போதும். டைல்காஸ்கோ க்ளெய்ம் பண்ணா விபத்தில்லாத வருஷங்களுக்கான உங்க போனஸ் வகுப்பு இறங்காது. கைக்காசு பங்கு, அதாவது க்ளெய்ம்ல நீங்க கட்ட வேண்டியது, டைல்காஸ்கோவுக்கு 150 யூரோ, ஃபோல்காஸ்கோவுக்கு 300 யூரோன்னு வெக்கறது வழக்கம். கம்பெனி சொல்ற ஒர்க்ஷாப்லதான் ரிப்பேர்ங்கற நிபந்தனைக்கு தள்ளுபடி உண்டு, ஆனா உங்க ஊர்லருந்து அந்த ஒர்க்ஷாப் எவ்வளவு தூரம்னு முதல்ல பாருங்க.

பெரம்பூர் சதீஷ்

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. ஒரு சந்தேகம். அங்க இருக்கற நண்பர் ஒருத்தர் 'என் பேர்ல ரெண்டாவது காரா போட்டுக்கலாம், உனக்கு பிரீமியம் பாதிதான் வரும்'னு சொல்றார். பண்ணலாமா? அப்புறம், ஜெர்மன்ல இருக்கற பாலிசியை ஆப்புல போட்டு மொழிபெயர்த்தா நம்பலாமா?

ராயபுரம் பாஸ்கர்

நண்பர் பேர்ல போடறது சட்டவிரோதம் இல்ல. பாலிசிதாரர் ஒருத்தர், வண்டிக்காரர் இன்னொருத்தர்னு ஃபார்ம்லயே கட்டம் இருக்கு, உண்மையை நிரப்பணும், ஓட்டறவர்னு உங்க பேரும் இருக்கணும். ஆனா எனக்கு இதுல உடன்பாடு இல்ல. நீங்க 4 வருஷம் விபத்தில்லாம ஓட்டினாலும் அந்த வருஷங்கள் நண்பர் கணக்குலதான் ஏறும். நீங்க இடிச்சா அவர் வகுப்பு இறங்கும். கம்பெனி அனுப்பற ஒவ்வொரு கடிதமும் அவர் வீட்டுக்குப் போகும். ஒரு பிரீமியம் தவறினா உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கொளத்தூர் நித்யா

நானும் அதையே சொல்வேன். விபத்தில்லாத வருடங்களைக் கணக்கிடும் போனஸ் வகுப்பை எஸ்.எஃப். என்பார்கள். புதிதாக வருபவர் எஸ்.எஃப். 0 வகுப்பில் தொடங்குவார், லைசென்ஸ் வாங்கி 3 வருடம் ஆகியிருந்தால் எஸ்.எஃப். 1/2. இந்திய லைசென்ஸ் வருடங்களைச் சேர்ப்பதா இல்லையா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாஸ்கர் அண்ணா சொன்ன எக்ஸ்ட்ராக்டை மெயிலில் இணைத்து மூன்று நான்கு இடத்தில் கேளுங்கள். முதல் வருடம் வலிக்கும். அடுத்தடுத்து வருடாவருடம் குறையும், அது உங்கள் பெயரில் குறையும்.

இன்னொன்று. ஏஜென்ட்டில் இரண்டு வகை. ஃபெர்ட்ரேட்டர் என்பவர் கம்பெனியின் ஆள். மாக்லர் என்பவர் சட்டப்படி உங்கள் பக்கம் நிற்க வேண்டியவர், பல கம்பெனிகளைப் பார்த்து ஆலோசனை சொல்லி அதை எழுத்தில் தரவேண்டும். ஆங்கிலம் பேசும் மாக்லர் பெரிய ஊர்களில் கிடைப்பார்கள், தமிழ் பேசுபவரும் இருக்கலாம். யாராக இருந்தாலும் பதிவு எண்ணைக் கேட்டு ஐ.எச்.கே. என்ற தொழில் வணிக சபையின் இணையப் பதிவேட்டில் சரிபாருங்கள். 'ஆலோசனை வேண்டாம் என்று ஒப்புக்கொள்கிறேன்' என்ற தாளைக் கையெழுத்துக்கு நீட்டினால் போடாதீர்கள். பிறகு தப்பான பாலிசி கொடுத்ததாக வாதாட வழி இருக்காது.

தண்டையார்பேட்டை மேரி

ஆப் பத்தி நான். பாலிசி நிபந்தனை 40, 50 பக்கம் இருக்கும், அதை மொத்தமா ஆப்புல போட்டா 'இல்ல', 'தவிர' எல்லாம் எங்கயாவது இடம் மாறிடும். அதுக்குப் பதிலா பாலிசியோட தர்ற ரெண்டு பக்கத் தகவல் தாளை எடுங்க. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2018லருந்து அதே அமைப்புதான், எந்த மொழியிலயும் தலைப்புகளோட படமும் வரிசையும் மாறாது. குடை போட்ட பகுதி எதுக்கு காப்பீடு உண்டுங்கறது, அதுல பச்சை டிக். சிவப்பு பெருக்கல் குறி இருக்கற பகுதி எதுக்கு கிடையாது. ஆச்சரியக்குறி இருக்கறது வரம்புகள். உலக உருண்டை எந்த நாட்டுல செல்லும், கைகுலுக்கறது உங்க கடமை, காசு படம் பணத்தை எப்போ எப்படி கட்டணும், மணற்கடிகாரம் தொடக்கமும் முடிவும், கை படம் எப்படி ரத்து பண்றது. சிவப்பும் ஆச்சரியக்குறியும் இருக்கற வரிகளை மட்டும் ஒவ்வொண்ணா மொழிபெயர்த்து, புரியாததை கம்பெனிக்கு மெயில்ல கேளுங்க. போன் வேண்டாம். மெயில்ல வந்த பதில் நாளைக்கு ஆதாரம்.

இதே மாதிரி இன்னொரு தாள் ஐரோப்பிய விபத்து அறிக்கை. வண்டியில ஜெர்மன் பிரதி ரெண்டு, பக்கத்துல ஆங்கிலப் பிரதி ஒண்ணு வைங்க. கட்டங்களோட எண் எல்லா மொழியிலயும் ஒண்ணுதான், அதனால ஆங்கிலத்துல படிச்சு ஜெர்மன் தாள்ல அதே எண்ணுல நிரப்பலாம். 12-வது பகுதியில 17 சூழ்நிலை வரிசையா இருக்கும்: நின்னுட்டு இருந்தது, பார்க்கிங்லருந்து வெளிய வந்தது, பின்னாடி இடிச்சது, ரிவர்ஸ் எடுத்தது. பொருந்தற கட்டத்துல மட்டும் பெருக்கல் குறி போட்டு, கீழ எத்தனை கட்டம் குறிச்சோம்னு எண்ணிக்கை எழுதணும். அந்த எண்ணிக்கையை விட்டா பின்னாடி யார் வேணும்னாலும் இன்னொரு குறி சேர்த்துடலாம். 13-ல படம் வரையணும், 10-ல முதல் அடி பட்ட இடத்துக்கு அம்புக்குறி. ரெண்டு பேரும் கையெழுத்து போடறது நடந்ததைப் பதிவு பண்ணத்தான், தப்பை ஒத்துக்கறதுக்கு இல்ல. கையெழுத்துக்கு அப்புறம் ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது. பிரான்ஸ் பக்கம் ஓட்டிட்டுப் போனாலும் இதே தாள்தான், அங்க 5 வேலை நாளுக்குள்ள கம்பெனிக்கு அனுப்பணும்.

வியாசர்பாடி அன்பு

விபத்து நடந்த இடத்துல இன்னும் ரெண்டு விஷயம். பார்க்கிங்ல பக்கத்து வண்டியைக் கீறிட்டு வைப்பர்ல சீட்டு வெச்சுட்டுப் போறது அங்க செல்லாது. அது ஓடிப்போன குற்றம், லைசென்ஸே போகலாம். வண்டிக்காரர் வர்ற வரைக்கும் காத்திருங்க, வரலன்னா 110 அடிச்சு போலீஸ்ல பதிவு பண்ணுங்க. அடிபட்டிருந்தா 112. 'தப்பு என்னுது'ன்னு எழுதிக் கொடுக்கவே கூடாது.

எதிராளி மேல தப்புன்னா, அவர் வண்டி நம்பரை வெச்சு 0800 250 2600க்கு அடிச்சா எந்தக் கம்பெனின்னு சொல்வாங்க. அவங்க கம்பெனி உடனே உங்களைக் கூப்பிட்டு 'எல்லாம் நாங்களே பார்த்துக்கறோம், எங்க ஒர்க்ஷாப்புக்கு விடுங்க'ன்னு இனிமையா பேசும். தலையாட்டாதீங்க. சேதம் சின்னக் கீறலைத் தாண்டினா, அதாவது ஏறத்தாழ 750 முதல் 1,000 யூரோவுக்கு மேல போனா, நீங்களே மதிப்பீட்டாளரை வெச்சுக்கலாம், வக்கீலையும் வெச்சுக்கலாம். தப்பு முழுக்க எதிராளியுதுன்னா அந்தச் செலவும் அவர் கம்பெனி தலையிலதான். மொழி தெரியாதவங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்ல. உங்க கம்பெனிக்கும் 1 வாரத்துக்குள்ள தகவல் சொல்லிடணும்.

திருவொற்றியூர் காதர்

சலாம். நம்ம பக்கத்துலருந்து வளைகுடா போறவங்களும் இதைப் படிப்பாங்க, அதனால துபாய், சவூதி பத்தி கொஞ்சம் எழுதறேன். அமீரகத்துல பாலிசி அரபியும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும், ஆனா ரெண்டும் முரண்பட்டா அரபிதான் செல்லும். பாலிசி வழக்கமா 13 மாசம், முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) 12 மாசம். தேர்ட் பார்ட்டியில பொருள் சேதம் 20 லட்சம் திர்ஹம் வரைக்கும் உண்டு, ஓட்டறவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டும் தனியா கேட்டுச் சேர்க்கணும் பாய். கீறல் ஒண்ணு விழுந்தாலும் போலீஸ் ரிப்போர்ட் இல்லாம எந்த ஒர்க்ஷாப்பும் கை வைக்கக் கூடாது. ஓமான் போறீங்கன்னா அங்க செல்லுமான்னு பாலிசியில பாருங்க, இல்லன்னா ஆரஞ்சு கார்டுங்கற பக்கத்து நாட்டுக் காப்பீட்டை எடுக்கணும்.

சவூதியில யார் மேல எத்தனை சதவீதம் தப்புன்னு நஜ்ம்ங்கற விபத்து விசாரணை நிறுவனம் முடிவு பண்ணும். இடத்துலயே நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க. முடிவு தப்புன்னு தோணினா உடனே ஆட்சேபம் போடுங்க, தள்ளிப் போட்டா கதவு மூடிடும்.

பெரம்பூர் சதீஷ்

எல்லாத்தையும் குறிச்சு வெச்சுக்கிட்டேன். கடைசியா ஒண்ணு: தபால்ல வர்ற கடிதங்கள்ல எதை உடனே பார்க்கணும்? திரும்பி வர்றப்போ எப்படி முடிக்கறது?

கொளத்தூர் நித்யா

கடிதத்தின் தலைப்பில் 'மானுங்' (கட்டணப் பாக்கி நினைவூட்டல்) என்று இருந்தால் அன்றே பணம் கட்டுங்கள். முதல் பிரீமியம் 14 நாளுக்குள் போகவில்லை என்றால் அதற்குள் நடந்த விபத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்காமல் விடலாம். அடுத்தடுத்த பிரீமியத்துக்கு நினைவூட்டலில் 2 வாரம் தருவார்கள், அதைத் தாண்டினால் பாதுகாப்பு போய்விடும், பதிவு அலுவலகத்துக்கும் தகவல் போகும், வண்டியின் பதிவையே நிறுத்துவார்கள். பெரும்பாலும் காரணம் சின்னது: வங்கிக் கணக்கு மாறியிருக்கும், சம்பளம் வருவதற்கு முன் தேதி வைத்திருப்பார்கள். வீடு மாறினால் முகவரியை மாற்றுங்கள், தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும்.

'பைட்ராக்ஸ்ரெஷ்னுங்' என்று நவம்பரில் வருவது அடுத்த வருடக் கட்டணம். பாலிசி டிசம்பர் 31-இல் முடிந்தால் நவம்பர் 30-க்குள் ரத்துக் கடிதம் அவர்கள் கையில் சேர வேண்டும். பாதுகாப்பு அதேதான், விலை மட்டும் ஏறியிருக்கிறது என்றால் கடிதம் கிடைத்ததிலிருந்து 1 மாதம் தனி உரிமை உண்டு. மெயிலில் எழுதினாலே போதும், பெற்றுக்கொண்டதாகப் பதில் கேளுங்கள். புதிய பாலிசி உறுதியாகாமல் பழையதை ரத்து செய்யாதீர்கள். எடுத்த பாலிசி பிடிக்கவில்லை என்றால் கையில் கிடைத்து 14 நாளுக்குள் திரும்பப் பெறலாம்.

கம்பெனியோடு தகராறு என்றால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர் இருக்கிறார், நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. 10,000 யூரோ வரைக்கும் அவர் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது, நீதிமன்றம் போகும் வழி திறந்தே இருக்கும்.

கிளம்பும்போது வண்டியை விற்றால் பதிவை நீக்கிவிட்டே கொடுங்கள். பதிவோடு கொடுத்து, வாங்கியவர் மாற்றாமல் ஓட்டினால் வரியும் அபராதக் கடிதமும் உங்கள் பெயருக்கே வரும். நீக்கிய தகவல் கம்பெனிக்குத் தானாகப் போகும், மீதிப் பிரீமியம் கணக்குக்கு வரும், அதனால் வங்கிக் கணக்கை அவசரமாக மூடாதீர்கள். விபத்தில்லாத வருடங்களுக்கான சான்றை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள், வேறு நாட்டில் வேலை அமைந்தால் அங்கே காட்டலாம். அதை ஊர் வந்து சேர்ந்தபின் கேட்டால் வாரக்கணக்கில் மெயில் ஓடும், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எழுதிவிடுங்கள் சதீஷ்.